கோச்சி நிற்கிறது, உம்மா ஏற வேண்டுமே!



"நாளைக்குக் கொழும்பில் கிளினிக்" என்றால் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு வீடு அன்றிரவு என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபைல், எக்ஸ்ரே, மருந்துப் பை, ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர். நோயாளி வயதானவர் என்றால் பஸ்ஸை விடக் கோச்சியே வசதி. காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், அவசரத்துக்கு ஒதுங்க இடமுண்டு. ஆனால் ஏறினால்தானே இதெல்லாம்?

சில வருடங்களுக்கு முன் முழங்கால் நோவோடு என் உம்மாவைக் கூட்டிச் சென்று திரும்பியபோது நடந்ததைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். வழியிலுள்ள சிறிய நிலையம். எங்கள் பெட்டி மேடையைத் தாண்டி நின்றுவிட்டது. கீழே சரளைக்கல். வண்டியோ ஓரிரு நிமிடம்தான் நிற்கும். உம்மா படியில் நின்று நடுங்கினார்கள். கடைசியில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார்கள். நல்ல மனிதர்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்யட்டும். ஆனால் வீடு வந்த பிறகு உம்மா அழுதது கால் நோவுக்காக அல்ல. அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். "மருந்து கிடைத்த மட்டும் போதும் மகள்" என்றார்கள்.

நம் வீடுகளில் எத்தனை பேரின் வைத்தியம் இப்படி ஒரு படிக்கட்டில் நின்று போயிருக்கும்!

திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். துறைமுகத்தை நம்பி வந்த பாதை அது. பின்னாளில் சீனன்குடாவிலிருந்து கோதுமை மா மூட்டைகள் போனதும் இதே பாதையில்தான். மூட்டை ஏற்ற வழி கண்டுபிடித்தவர்களுக்கு முழங்கால் நோவுள்ள மூதாட்டியை ஏற்ற வழி தெரியாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது தர்மம் கேட்கும் விஷயமல்ல, சகோதரிகளே. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைச் சொல்கிறது. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் நடமாட வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. விதி வந்தும் வேலை நடக்கவில்லை என்று கலாநிதி அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் போனார். கிரிக்கெட் நடுவராக இருந்த இவர், 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். புதிய பொதுக் கட்டிடங்கள் எல்லாருக்கும் நுழைய ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் அதோடு விடவில்லை. மலசலகூட வசதிக்காகவும் மறுபடி வழக்குப் போட்டு 2019இல் தீர்ப்புப் பெற்றார். ஒரு தனி மனிதரின் பிடிவாதம்!

நிலையங்களைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருவது பெயின்ட், பளபளக்கும் தரை ஓடு, வாகனம் நிறுத்துமிடம். மழை நாளில் அந்த ஓட்டில் நம் செருப்பு வழுக்கும் என்பது வரைபடத்தில் தெரியாது. சரிவுப்பாதை போடுவார்கள், அதையும் பார்த்துவிட வேண்டும். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டடி உயரத்துக்கு இருபத்து நான்கடி. கடை வாசல்களில் மூன்றடியில் போட்டு முடிக்கிறார்களே, அது சறுக்குமரம். சிறுவர்களுக்குத்தான் உதவும்.

மேடைக்குப் போய்ச் சேர்ந்தாலும் வண்டிக்குள் ஏற வேண்டுமே. நம் நாட்டின் ஐந்தரை அடி அகலப் பாதையில் பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரம். மேடை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு சிரமம், அவ்வளவு ஆபத்தும். மும்பையில் 2014 ஜனவரியில் காட்கோபர் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி மேடைக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்து இரு கைகளையும் இழந்தாள். அதற்குப் பிறகுதான், உயர் நீதிமன்றமும் தலையிட்டு, அங்கே மேடைகளை ஏறத்தாழ மூன்றடிக்கு உயர்த்தினார்கள். இங்கேயும் ஒரு பிள்ளையின் கை போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடைசி நிலையமான திருகோணமலையில் வண்டி ஆறுதலாக நிற்கும். அவசரம் முழுவதும் தம்பலகாமம் போன்ற இடைநிலையங்களில்தான். ஆகவே பணம் வந்தால் பட்டண நிலையத்தின் முகப்போடு தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான மலசலகூடத்தின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா, உள்ளே பிடித்து எழும்பக் கைப்பிடி உண்டா, ஸுபஹுக்கு வுழூச் செய்ய உட்கார்ந்தபடி எட்டும் குழாய் உண்டா, திறப்பு யாரிடம் இருக்கிறது? இவற்றை ஆண்கள் கேட்கமாட்டார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தோன்றாது. பிள்ளைத்தாச்சிக்கும், இடுப்பில் குழந்தையோடு போகிறவளுக்கும் தோன்றும்.

மாதர் சங்கத்திலோ பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூலமாகவோ நாலு பேர் கையெழுத்திட்டு நிலைய அதிபருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுங்கள். "வசதி செய்து தாருங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அளவோடு எழுதுங்கள். தையல் பெட்டியிலுள்ள அளவு நாடா போதும். படியின் உயரம் எத்தனை அங்குலம், கதவு எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். அதோடு, உங்கள் வீட்டு மூத்தவரின் கால் எவ்வளவு உயரும் என்பதையும் அளந்து பாருங்கள். என் உம்மாவுக்கு ஆறு அங்குலம்.