நைட் டியூட்டி ஒன்றுதான், சம்பளம்தான் வேறு

2025 டிசம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடிய ஒப்பந்தச் செவிலியர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவந்து, எங்கள் ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். பேசாமல் ஊர் போய்ச் சேருங்கள் என்று அதற்கு அர்த்தம். அவர்கள் பஸ் ஏறவில்லை. அங்கேயே போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அந்தக் கோபம் பத்து வருஷப் பழசு. 2015-இல் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம் நிரம்பியது. 2025-இல் கிளாம்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 18,000.

இதோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள் தோழர்களே. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் ஒரு பரிந்துரை கொடுத்தது: ஐம்பது படுக்கைகூட இல்லாத தனியார் ஆஸ்பத்திரியும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். அரசே அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், ஜி.எஸ்.டி. ரோட்டில் நர்சிங் ஹோம் நடத்துகிறவரை யார் கேட்பது?

அந்த நர்சிங் ஹோம்களில்தான் எங்கள் தெருப் பெண்கள் இருக்கிறார்கள். கல்விக் கடனில் டிப்ளமோ முடித்தவர்கள், அதற்கும் வழியில்லாமல் குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்கள். நைட் டியூட்டி முடிந்து காலை ரயிலில் இறங்குகிறவர்களிடம் பேசினால் முதலில் வருவது சம்பளப் பேச்சல்ல. ஒரிஜினல் சர்டிபிகேட் ஆஸ்பத்திரி அலமாரியில் மாட்டிக்கொண்ட கதை. அடுத்தது, ஊசி போடும்போதே “எந்த ஊரும்மா, எந்தப் பக்கம்?” என்று கேட்டுத் தெருவைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் நோயாளிகள். அந்தக் கேள்வி எங்களுக்கும் பழக்கம்தான்.

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றதை ஒரு வார்டுக்குள்ளேயே பார்க்கலாம். நிரந்தரச் செவிலியர், அவருக்குக் கீழே தொகுப்பூதியக்காரர், அதற்கும் கீழே கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டு 2022 கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வெளியே தனியார் நர்ஸ். எல்லோருக்கும் கீழே, ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கும் தூய்மைப் பணியாளர் அக்கா. ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதில் ஒரு சின்ன ஆறுதல். நிர்வாகத்துக்கு அது போதும். நிரந்தரமானவர்களின் சங்கங்கள் இந்த ஆறுதலை இன்னும் விடவில்லை என்பது எங்கள் விமர்சனம். தூய்மைப் பணியாளருக்காகக் கொடி பிடிக்கும் நாமும், வெள்ளை யூனிஃபார்ம் போட்ட நம் தங்கச்சி ‘செட்டில்’ ஆகிவிட்டாள் என்று விட்டுவிட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேரளத்தில் தனியார் நர்ஸுகளே சங்கம் கட்டினார்கள். 2011-இல் மும்பையில் ஒரு மலையாள நர்ஸ் தற்கொலை செய்துகொண்டதும், பாண்டு என்ற பெயரில் சர்டிபிகேட்டைப் பிடித்துவைப்பது ஊரறிந்த பேச்சானது. அதே ஆண்டு யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் பிறந்தது. அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள். 2018-இல் அந்த மாநில அரசு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது.

அவர்கள் தொடங்கிய இடத்தில்தான் நாமும் தொடங்க முடியும். சம்பளத்துக்கு முன்னால் சர்டிபிகேட். உங்கள் தெருவில் நர்ஸாக இருக்கும் பெண்ணிடம், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று இந்த வாரம் கேளுங்கள். ஒருத்தி தனியாகப் போய்த் திருப்பிக் கேட்டால் வேலை போகும். பத்துப் பேராகச் சேர்ந்து எழுத்தில் கேட்க வேண்டும். மனு எழுத நாங்கள் உட்காருகிறோம்.