குழந்தைக்கு 'பாலியேட்டிவ் கேர்' என்றால் கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமா? குடும்பத்துக்கும் சேர்த்து ஏன் சிகிச்சை?

"பாலியேட்டிவ் கேர் டீமை ஒருமுறை பாருங்க" என்று டாக்டர் சொன்னதும், பல பெற்றோருக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்: 'அப்போ என் பிள்ளையைக் கைவிட்டுட்டாங்களா?'

இல்லை. உலக சுகாதார அமைப்பின் விளக்கப்படி, நோய் கண்டறியப்பட்ட உடனேயே இந்த ஆதரவு சிகிச்சை தொடங்க வேண்டும். குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும், நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் குழந்தையின் வாய்ப்புண், வாந்தி, ஊசி பயம் ஆகியவற்றைத் தணிப்பதும் இதில் அடக்கம். அந்தக் குழந்தை முழுசா குணமாகி ஸ்கூலுக்கும் போகலாம். புற்றுநோய் மட்டுமல்ல, தசைச் சிதைவு, கடுமையான மூளை முடக்குவாதம், சிக்கலான பிறவி இதய நோய் உள்ள குழந்தைகளுக்கும் இது தேவைப்படும். சிலருக்கு வருஷக்கணக்கில்.

குடும்பத்துக்கு எதற்கு?

ஒரு குழந்தை படுத்தால் வீடே படுத்துவிடும். அம்மா வார்டிலேயே இருப்பார். அப்பா வேலைக்கு லீவு போட்டு, கடன் கேட்டு அலைவார். பாட்டி வீட்டில் விடப்பட்ட அண்ணனுக்கோ அக்காவுக்கோ என்ன நடக்கிறது என்றே யாரும் சொல்வதில்லை. 'நான் சண்டை போட்டதாலதான் தம்பிக்கு இப்படி ஆச்சோ' என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் இந்தக் குழுவில் டாக்டர், நர்ஸோடு மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். குழந்தை இறந்த பிறகும் பெற்றோரிடம் பேசுவது இவர்கள் வேலையின் ஒரு பகுதி.

இன்னொரு காரணமும் உண்டு. பேசத் தெரியாத குழந்தையின் வலியை எப்படி அளப்பது? முகபாவம், கால் அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் சிரிப்பதில் தொடங்கி அழுவது வரையிலான முகப் படங்களைக் காட்டி, 'இதுல உனக்கு எது?' என்று கேட்பார்கள். ஆனால் 'இது வழக்கமான அழுகை இல்லை' என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அம்மாதான்.

மார்ஃபின் சிக்கல்

கடும் வலிக்கு முக்கியமான மருந்து மார்ஃபின். 'பிள்ளை அடிமையாகிடுமே' என்ற பயம் வீட்டிலும் இருக்கிறது, சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. டாக்டர் கண்காணிப்பில், சரியான அளவில் வலிக்குக் கொடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

சட்டமும் பெரிய தடையாக இருந்தது. 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபின் வாங்க மருத்துவமனைகள் பல உரிமங்களுக்காக அலைய வேண்டியிருந்தது. விஷயம் என்னன்னா, மார்ஃபினுக்கான ஓபியத்தைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா! 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு நடைமுறை எளிதானது. உலக அளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகள் கடும் துன்பத்துடன் இறக்கிறார்கள், அவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் வளரும் நாடுகளில் என்கிறது 2017-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை.

கேரளா 2008-லேயே இதற்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இருக்கிறது. பி.பி., சுகர் மாத்திரைக்காக இந்தத் திட்டத்தை அறிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. வீட்டில் இப்படியொரு குழந்தை இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.