யார் தோன்றினார்?

நோட்டரி வக்கீலின் வட்ட முத்திரைக்குச் சாதி கிடையாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். செங்கல்பட்டுச் சீமையில் மண்ணை இழந்த சேரி சனங்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

"என் முன் தோன்றிக் கையொப்பமிட்டார்." நோட்டரியின் மொத்த வேலையும் இந்த ஒரு வரிதான். வந்தவர் முகத்தைப் பார்க்கணும், இன்னார்தானா என்று விசாரிக்கணும், பதிவேட்டில் எழுதணும், அப்புறம் குத்தணும். 1952ஆம் வருஷத்து நோட்டரி சட்டம் இதற்காகத்தான் அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரம் சின்னதில்லை. பவர் பத்திரத்தில் நோட்டரி சான்று இருந்தால், அது முறையாக எழுதிக் கொடுக்கப்பட்டது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற பாரம் கைநாட்டு வைத்தவள் தலையில்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே எங்கள் சேரி. ஒரகடம் ரோட்டில் கம்பெனிகள் வந்தபிறகு புறம்போக்குக்குக்கூட விலை வந்துவிட்டது. எங்க ஆயா டவுனுக்குப் போய் நிலத்து அனுபோகத்தை விட்டுக்கொடுத்ததாக ஒரு பேப்பர் இருக்கிறது. ஆயா டவுனுக்கே போகவில்லை. "முதியோர் பணம் வரும், பெருவிரல வை ஆயா"ன்னு புரோக்கர் திண்ணையிலேயே ரேகை வாங்கிக்கொண்டு போனான். யார் முன்னால் 'தோன்றினாளோ' அந்த நோட்டரியின் முகம் ஆயாவுக்கு இன்றுவரை தெரியாது.

இது ஏதோ ஒரு கிழவியின் ஏமாளித்தனம் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் 10 வருஷம் விற்கவே கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை யாரும் நேராக உடைக்கவில்லை. பேப்பரால் சுற்றிப் போனார்கள். மீட்கக் கிளம்பிய காரணை சனங்களின் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

பவர், அக்ரிமென்ட் பேப்பர்களால் நிலத்தின் உரிமை மாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, வேலி போடுகிறவனுக்கு உரிமை எதற்கு? பேப்பர் போதுமே! வேலியைப் பிரிக்கத்தான் நாம் இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணும்.

தப்பு செய்த நோட்டரிக்குத் தண்டனை இல்லையா? இருக்கிறது. 1956ஆம் வருஷத்து விதிகளில் 13ஆம் விதிப்படி யாரும் புகார் கொடுக்கலாம். சான்றிதழை ரத்து செய்து நிரந்தரமாக விலக்கலாம், சில காலம் நிறுத்தலாம், எச்சரித்தும் விட்டுவிடலாம். வக்கீல் என்ற முறையில் பார் கவுன்சிலும் விசாரிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். நோட்டரி தன் வேலையில் செய்த குற்றத்தைக் கோர்ட் விசாரணைக்கு எடுக்க, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியே எழுத்துமூலம் புகார் தரணும். ஆயா தரமுடியாது. அவள் ரேகை செல்லும், புகார் செல்லாது!

2024 செப்டம்பரில் பகவான் சிங் வழக்கில், மனுவே போடாதவர் பெயரில் உச்ச நீதிமன்றம் வரை மனு போயிருந்தது. ஆள் வராமலே நோட்டரி சான்று. சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானது. தன்னை ஏமாற்றியபோது நீதிமன்றத்துக்குக் கோபம் வருகிறது. சேரியை ஏமாற்றினால்?

"கூட்டம் ஜாஸ்திங்க, தெரிஞ்ச ஆள் கொண்டு வர்றான், நம்பிப் போடறோம்" என்கிறார்கள் வக்கீல் நண்பர்கள். யாரை நம்பினீர்கள்? புரோக்கரை, ஊர்த்தெருக்காரனை. ரேகைக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்க ஏன் தோன்றவில்லை? நோட்டரியாகப் பொதுவாக 10 வருஷ அனுபவம் வேண்டும். தலித்துகளுக்கு 7 வருஷம் போதும். அப்படி வந்த நம்மவர்களுக்கும் இதே தராசுதான். சொந்தச் சனத்தின் ரேகையை விற்பவனுக்குச் சலுகை கிடையாது.

தோழர்களே, நம் நிலத்தின்மேல் இருக்கிற ஒவ்வொரு நோட்டரி பேப்பரையும் தேடி எடுப்போம். முத்திரையில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் குறிப்போம். மாநில அரசு நியமித்தவரா, ஒன்றிய அரசு நியமித்தவரா என்று பார்த்து அங்கே புகார் கொடுப்போம். அன்றைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்வோம். 13ஆம் பிரிவின் கவசத்தை நீக்கு என்று கேட்போம். ஆள் வராமல் குத்திய முத்திரை கவனக்குறைவு இல்லை. நிலத் திருட்டில் கூட்டு.