உள்ளே அனுப்பு என்றால், வெளியே வருவது யார்?

ஐந்து பேர், 40 நிமிடங்கள், பெருக்கினால் 200. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் கையில் இருக்கும் முதல் இவ்வளவுதான். புள்ளிகள் சமனாகி ஆட்டம் நீண்டால், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவே. நவம்பரில் பருவம் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை லெக்ஸிங்டன், டர்ஹாம், லாரன்ஸ், ப்ளூமிங்டன் போன்ற கல்லூரி ஊர்களில் ரசிகர்கள் முட்டிக்கொள்வது இந்த 200 நிமிடங்களைப் பங்கிடுவதில்தான். பள்ளி நாளிலேயே பெயர் பெற்றுவிட்ட பதினெட்டு வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். களத்தில் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் பந்தைத் தவறவிடுகிறார். உடனே மேல் வரிசையிலிருந்து ஒரு குரல்: அவனை உள்ளே அனுப்பு!

அந்தக் குரலில் ஒரு பெயர் எப்போதும் விடுபட்டுப் போகிறது. உள்ளே போக வேண்டியவர் பெயர் உரக்கக் கேட்கிறது. அவருக்காக வெளியே வர வேண்டியவர் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது வசையோடு வருகிறது. ஒருவருக்கு எட்டு நிமிடம் கூட்டு என்பவர், இன்னொருவரிடமிருந்து எட்டு நிமிடத்தைப் பிடுங்கு என்றும் சேர்த்தே சொல்கிறார். முதல் பாதியைக் கத்திவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுவது நேர்மையல்ல. ரசிகர்கள் மீது நாம் சுமத்தும் முதல் குற்றம் அது. இந்த வழக்கில் பெரிய குற்றவாளி அவர்கள் அல்லர்; அங்கும் வருவோம்.

இளையவர்களுக்காகப் பரிந்து பேசுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. வரலாறு அவர்கள் பக்கமும் இருக்கிறது. 1965 நவம்பர் 27 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டியிருந்த பாலி பவிலியன் அரங்கில், பல்கலைக்கழக அணியும் அதே பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டு மாணவர் அணியும் மோதின. பல்கலைக்கழக அணி முந்தைய இரண்டு ஆண்டும் தேசியக் கோப்பையை வென்ற அணி. பிள்ளைகள் 75–60 என்று அதை வீழ்த்தினார்கள். அவர்களில் லூ அல்சிண்டர் என்பவர் மட்டும் 31 புள்ளிகள் எடுத்தார். பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அந்தப் பருவத்தில் யூ.சி.எல்.ஏ. தேசியப் போட்டிக்கே போகவில்லை. வெற்றி தேடித் தரக்கூடியவர் அதே வளாகத்தில்தான் பாடம் படித்துக்கொண்டிருந்தார். முதலாமாண்டு மாணவர் பல்கலைக்கழக அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அவர் இரண்டாம் ஆண்டுக்கு வந்து விதி அவரை அனுமதித்த பிறகு 1967, 1968, 1969 மூன்று ஆண்டும் கோப்பை அந்த அணிக்கே போனது. 1972-ல்தான் அந்தத் தடை நீங்கியது. வயது குறைவு என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒருவரை உட்காரவைப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தடை நீங்கி ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் சுவையானது. 1981-ல் வட கரோலினா அணியின் பயிற்சியாளர் டீன் ஸ்மித், மைக்கேல் ஜோர்டன் என்ற முதலாமாண்டு மாணவரைத் தொடக்க ஐவரில் ஒருவராக இறக்கினார். ஆனால் பருவத் தொடக்கத்தில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டைப்படத்துக்கு மற்ற நான்கு பேர்தான் நின்றார்கள். முதலாமாண்டு மாணவனுக்கு இப்போதே அட்டைப்படம் எதற்கு என்பது ஸ்மித்தின் எண்ணம். நிமிடங்களைக் கொடுத்தார், விளம்பரத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த மார்ச்சில், நியூ ஆர்லியன்ஸில், ஜார்ஜ்டவுன் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி 20 நொடிகளுக்குள் அந்த மாணவர் எறிந்த பந்துதான் 63–62 என்று கோப்பையைத் தந்தது.

இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. அட்டைப்படம் முதலில் வருகிறது, நிமிடம் பிறகு. பதினாறு வயதிலேயே பையனுக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தரவரிசையில் ஏற்றிவிடுகிறார்கள். கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அவருடைய ஆட்டத் துணுக்குகளை ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பிறகு அவர் பன்னிரண்டு நிமிடம் ஆடினால், தங்கள் சொத்தை யாரோ பூட்டி வைத்துவிட்டது போல எரிச்சல் வருகிறது.

உட்காரவைத்தால் திறமை பாழாகும் என்கிறார்களே, பார்ப்போம். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 2006–07 பருவத்தில் யூ.சி.எல்.ஏ.யில் முதலாமாண்டு மாணவர். ஆட்டத்துக்குச் சராசரியாக 9 நிமிடம்தான் கிடைத்தது. அவருக்கு முன்னால் டேரன் காலிசனும் ஆரன் அஃப்லாலோவும் இருந்தார்கள். அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகத் தேறியது. மறு ஆண்டு வெஸ்ட்புரூக் களத்தில் நிலைத்தார், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்டார், 2017-ல் என்.பி.ஏ.யின் சிறந்த வீரர். மார்வின் வில்லியம்ஸ் 2005-ல் கோப்பை வென்ற வட கரோலினா அணியில் ஓர் ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் இருந்ததில்லை. அந்தக் கோடையில் என்.பி.ஏ. அணிகள் இரண்டாவதாக எடுத்த பெயர் அவருடையது. டெவின் புக்கர் கென்டக்கியில் ஒரு பருவம் முழுவதும் பெஞ்சிலிருந்தே எழுந்து வந்தார். இரண்டே ஆண்டில், பாஸ்டன் அணிக்கு எதிராக ஒரே இரவில் 70 புள்ளி எடுத்தார்.

இந்தப் பெயர்களை இருதரப்பாரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்த்தாயா, எப்பேர்ப்பட்டவரை உட்காரவைத்தார்கள் என்பார் ஒருவர். பார்த்தாயா, உட்கார்ந்ததால் என்ன கெட்டுப்போனது என்பார் மற்றவர். எதிரில் இன்னொரு பட்டியலும் இருக்க வேண்டும்: ரசிகர்கள் தொண்டை வற்றக் கத்தி உள்ளே அனுப்பவைத்து, அங்கே ஒன்றும் ஆகாமல் போனவர்களின் பட்டியல். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஜோசியக்காரருக்குப் பலித்தது மட்டும் நினைவிருப்பது போலத்தான் இதுவும்.

ரசிகருக்குத் தெரியாத ஒரு கணக்கும் உண்டு. பருவ நாட்களில் ஒரு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அணி வேலையில் ஈடுபடலாம் என்கிறது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. ரசிகர் பார்ப்பது வாரத்துக்கு இரண்டு ஆட்டம். மீதி அத்தனையும் மூடிய கதவுக்குப் பின்னால். எதிரணி ஆள் குறுக்கே நின்று வழிமறிக்கும் ‘ஸ்கிரீன்’ போடும்போது யார் யாரைப் பிடிப்பது என்று தடுப்பாட்டத்தில் கத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் ஊமையாக நின்றால் நால்வரின் உழைப்பும் வீண். பள்ளியில் எல்லாரையும் விட அரை அடி உயரமாக இருந்த பையனுக்கு இதைக் கற்கும் அவசியமே நேர்ந்திருக்காது. 2015-ல் ட்யூக் அணியின் முதலாமாண்டு மாணவர் கிரேசன் ஆலனுக்கு ஆட்டத்துக்கு 9 நிமிடம் சொச்சம். விஸ்கான்சினுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அணி ஒன்பது புள்ளி பின்தங்கியபோது அவர் தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுத்தார், மொத்தம் 16, ட்யூக் 68–63 என்று வென்றது. அன்று இரவு அரங்கில் எழுந்த ஆரவாரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் கழிந்த அந்த மாதங்களை யார் நினைத்திருப்பார்கள்?

வாதிடட்டும். டிக்கெட் வாங்கியவர், பழைய மாணவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் எல்லாருக்கும் பயிற்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவர் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இருக்கவும் கூடாது. ஆனால் வாதத்தின் சூடு பெரும்பாலும் அவர்மீது விழுவதில்லை. வெளியே வர வேண்டிய அந்த நான்காம் ஆண்டு மாணவர்மீது விழுகிறது. அவருக்கு என்.பி.ஏ. இல்லை, அது அவருக்கே தெரியும். மார்ச்சில் ஏதோ ஓர் ஊரில் அணி தோற்கும் இரவுதான் அவர் வாழ்வின் கடைசி ஆட்டம். அந்தப் பிள்ளையை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மரக்கட்டை என்று இருபதாயிரம் பேர் நடுவில் ஒருவர் கத்தினால், அது விளையாட்டு விமர்சனம் அல்ல, இழிசெயல்.

கத்துபவர்களில் இப்போது பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மாநிலம் மாநிலமாக விளையாட்டுச் சூதாட்டம் சட்டபூர்வமாகிவிட்டது. குறிப்பிட்ட மாணவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன் மீதே பணம் கட்டலாம் என்றால், அவர் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்ற கேள்வியின் நிறமே மாறிவிடுகிறது. இத்தகைய பந்தயத்தைக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்யுங்கள் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் 2024-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். சில மாநிலங்கள் செய்தன, பல செய்யவில்லை. செய்யாத மாநிலங்கள் செய்ய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பையனுக்கு நிமிடம் கேட்பவரை ரசிகர் என்ற சொல்லால் அழைப்பதே அந்தச் சொல்லுக்கு அவமானம்.

இனி பெரிய குற்றவாளிக்கு வருவோம்.

அணிக்கு ஆள் சேர்க்கும் காலத்தில் பயிற்சியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். தாயும் தந்தையும் எதிரே அமர்ந்திருக்க, மகனுக்கு என்ன இடம் காத்திருக்கிறது என்று விவரிக்கிறார்கள். அதே இடத்தை அடுத்த வாரம் இன்னொரு மாநிலத்தில் இன்னொரு தாய்க்கும் விவரித்தால் கேட்பார் இல்லை. ஒரே மனையை மூன்று பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பவரை நம் ஊரில் என்ன சொல்வோமோ, அதையேதான் இங்கும் சொல்ல வேண்டும். நவம்பர் வந்ததும் அந்த மூவரிடமும் ஒரே வசனம் ஒப்பிக்கப்படும்: நிமிடங்களை யாரும் தரமாட்டார்கள், நீயே சம்பாதிக்க வேண்டும். உண்மைதான். அதை அந்த வீட்டு வரவேற்பறையில் ஏன் சொல்லவில்லை?

இந்தப் பொய்யின் விலை இப்போது ஏறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். அதே ஆண்டில், ஒரு பருவம் காத்திராமல் வேறு கல்லூரிக்கு ஒரு முறை மாறலாம் என்றானது. 2024-ல் அந்த ‘ஒரு முறை’யும் போய்விட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மாணவர்கள் அனைவருக்குமாக முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே பங்கிட்டுத் தரலாம் என்றானது. காசு வருவது நியாயமே. பல பத்தாண்டுகள் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் கொழுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இப்போது விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆடாதவரின் விலை அடுத்த வசந்தத்தில் இறங்கும். அப்படியிருக்க, ஆடவைப்பேன் என்று சொல்லி ஆள் பிடிப்பது வெறும் பெருமைப் பேச்சாக இனி இருக்க முடியாது.

கணக்கை மறைக்காமல் நடந்துகொண்ட ஓர் அணியும் உண்டு, அதுவும் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. இளம் பிள்ளைகளைச் சேர்த்து ஓராண்டில் என்.பி.ஏ.க்கு அனுப்பிவைப்பவர் என்று பெயரெடுத்த ஜான் கலிபாரி, 2014–15 கென்டக்கி அணியில் பத்துப் பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஐவர் உள்ளே போனால் ஐவர் வெளியே. யாருக்கும் முப்பது நிமிடம் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும். டிசம்பரில் ஒருவர் காயம்பட்டு அந்த ஏற்பாடு கலைந்தாலும் பகிர்ந்து ஆடும் பழக்கம் தொடர்ந்தது. கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் சராசரியாக 21 நிமிடம் ஆடினார். அந்தக் கோடையில் டிராஃப்டின் முதல் பெயர் அவருடையதுதான். அணியிலிருந்து ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள். தொடர்ந்து 38 வெற்றி. 39-வது ஆட்டத்தில் தோற்கடித்தது விஸ்கான்சின். அதை முன்னின்று நடத்தியவர் ஃபிராங்க் காமின்ஸ்கி, நான்காம் ஆண்டு மாணவர். இளையவர் கட்சிக்கும் மூத்தவர் கட்சிக்கும் ஒரே ஆட்டத்தில் இத்தனை சான்று கிடைத்தது வேறெங்கும் இருக்காது.

ஆக, பதினெட்டு வயதுக்காரருக்கு வயதால் தடை கூடாது. நான்காம் ஆண்டுக்காரருக்கு ஆண்டுக் கணக்கால் இடமும் உரிமையாகாது. சேர்க்கும் நாளிலேயே, உனக்கு முன்னால் இன்னார் இருக்கிறார், அவரைத் தாண்டினால்தான் உனக்கு இடம் என்று பெயர் சொல்லிப் பேசாத பயிற்சியாளர், பிறகு அந்தப் பையன் முகம் சுளிப்பதைக் குறை சொல்லும் தகுதியை இழக்கிறார். ரசிகர் கத்துவதென்றால் இரண்டு பெயரையும் சேர்த்துக் கத்தட்டும். வெளியே வர வேண்டியவர் பெயரை, அவருடைய தாயும் அதே அரங்கில் இருக்கிறார் என்ற நினைப்போடு சொல்லட்டும்.

டீன் ஸ்மித்தின் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடிக் களைத்தவர் முஷ்டியை உயர்த்திக் காட்டுவார். பயிற்சியாளர் உடனே மாற்று ஆளை அனுப்புவார். வெளியே வந்தவர் மூச்சு வாங்கி, நான் தயார் என்று தாமே சொல்லி மீண்டும் உள்ளே போகலாம். தம் இடம் போய்விடாது என்ற உறுதி அவருக்கு இருந்தது. அதனால் கை உயர்ந்தது. இன்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கால் துவண்டு மூச்சு இரைக்கிறது. மேல் வரிசையில் அடுத்தவன் பெயரைக் கத்துகிறார்கள். எதிர் வரிசையில் ஒருவர் அவர் எடுக்கும் புள்ளியின் மீது பணம் கட்டியிருக்கிறார். பெஞ்சில் அதே இடம் வாக்களிக்கப்பட்ட இன்னும் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கையை உயர்த்துவாரா?