அம்மாவின் தலையில் விடிகிற பழி

"ஒரே ஆம்பளப் பிள்ளைன்னு செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்கிறார் பெரியப்பா. "இவ காலையில வேலைக்குப் போனா ராத்திரிதான் வர்றா. பிள்ளையை யாரு பார்த்தா?" என்கிறார் அத்தை. படி படி என்று விரட்டியதால் வந்த வினை என்று ஒருவர், கண்டிக்காமல் விட்டதால் வந்த வினை என்று அவர் பக்கத்திலேயே இன்னொருவர். ஒரே பையனுக்கு, ஒரே நோய்க்கு, ஒரே கூடத்தில் உட்கார்ந்து சொல்லப்படும் காரணங்கள் இவை. செல்லமும் கண்டிப்பும் எப்படி ஒரே நோயைக் கொண்டுவரும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. காரணம் எதுவானாலும் குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அவள் அடுப்படியில் இவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பதின்வயதில் வருகிற மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்க்கு வளர்ப்புதான் காரணம் என்ற எண்ணம் படிக்காத சனங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். செய்வினை என்றால் வாய்விட்டுச் சிரிப்பவர்கள்கூட இதை அறிவியல் போலவே சொல்கிறார்கள். நம் சினிமாவும் தன் பங்குக்கு, மனநோயாளி வில்லனுக்கு இடைவேளை முடிந்ததும் ஒரு பிளாஷ்பேக் வைத்து, அதில் ஒரு கொடுமைக்காரச் சித்தியையும் தவறாமல் உட்கார வைக்கிறது.

ஒரு காலத்தில் இது நிஜமாகவே மருத்துவர்களின் கருத்தாகவும் இருந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பணியாற்றிய ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன், 1948-ல் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகையையே எழுதி வைத்தார். 1956-ல் கிரகரி பேட்சனும் அவரது கூட்டாளிகளும், பாசத்தையும் வெறுப்பையும் ஒரே நேரத்தில் காட்டும் பெற்றோரிடம் சிக்கிய பிள்ளைதான் புத்தி பேதலிக்கிறது என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவமனையில் பிள்ளைக்கு எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

அதை உடைத்த ஆய்வுகளில் ஒன்று 1966-ல் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மனநல மருத்துவமனையில் இருந்த மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை லியனர்ட் ஹெஸ்டன் தேடிப் பிடித்தார். அதேபோலப் பிரிக்கப்பட்டு வளர்ந்த, ஆனால் தாய்க்கு அந்த நோய் இல்லாத 50 பேரையும் எடுத்துக்கொண்டார். முதல் கூட்டத்தில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. அந்த ஐந்து பேரையும் பெற்றவள் வளர்க்கவே இல்லை. செல்லம் கொடுக்கவும் விரட்டவும் அவள் பக்கத்தில் இருந்தால்தானே?

பிள்ளையை அடித்து நொறுக்குவதாலும் சீரழிப்பதாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கடுமையான கொடுமைகள் பிற்காலத்தில் மனநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சின்ன வயதில் தொடங்கும் கஞ்சாவும் கூட்டுகிறது. ஆனால் கூடத்தில் பேசப்படுவது இதுவா? மூன்றாம் மாதமே குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனதும், பத்தாம் வகுப்பில் செல்போன் வாங்கிக் கொடுத்ததும்தான் அங்கே வழக்கு. அப்பாவின் வளர்ப்பு என்று ஒன்று இருப்பதாகவே அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் பிளஸ் டூ படித்த பையன் முதலில் குளிப்பதை நிறுத்தினான். பிறகு செல்போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான். மேல்தொட்டித் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்றான். சோற்றில் அம்மா முதல் கவளம் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். காட்டிய பிறகும் தட்டை மாற்றிக்கொள்வான். இவ்வளவும் கண்ணெதிரே நடந்தும், ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. விசேஷங்களுக்குத் தனியாகவே போய், "டியூஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னால் என்ன கேட்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம். இந்த நோயில் மருந்து தொடங்க எவ்வளவு தாமதமாகிறதோ, குணமாவது அவ்வளவு கடினம். அந்த ஒரு வருஷத்தைத் தின்றதில் நோய்க்கு நிகரான பங்கு பெரியப்பாவின் வாய்க்கும் உண்டு.

சரி, மருந்து தொடங்கியாயிற்று. சுவருக்குள்ளிருந்து கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் பையன் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான், எடையும் ஏறுகிறது. சுறுசுறுப்பு வற்றிப்போவது அந்த நோயின் இன்னொரு முகம். எடை ஏறுவது சில மாத்திரைகளின் பக்கவிளைவு. கூடத்திலோ, "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான், நல்லா வளர்த்திருக்கா" என்ற பேச்சு. கேட்டு நொந்த அம்மா உள்ளே போய் அவனிடம் எரிந்து விழுகிறார்: "எந்திரிடா, உன்னாலதான் ஊர்ல எல்லாரும் என்னைப் பேசுறாங்க."

இங்கேதான் குடும்பம் நிஜமாகவே கணக்கில் வருகிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950-களில் தொடங்கிய ஆய்வுகள், குறைகூறலும் பகையும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. பின்னால் சண்டிகரில் பார்த்தபோது, லண்டனைவிட அங்கே அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவாக இருந்தன. "பார்த்தீர்களா, கடைசியில் வீடுதான் காரணம்" என்று பெரியப்பா துள்ள வேண்டாம். இந்த ஆய்வுகள் பேசுவது வந்த நோய் திரும்பி வருவதைப் பற்றி. முதலில் ஏன் வந்தது என்பதைப் பற்றி அல்ல. மேலும், அந்த வீட்டில் குறைகூறலைக் கொண்டுவந்து இறக்கியவர் யார்? வளர்ப்பைக் குற்றம் சொல்லச் சொல்லத்தான் வளர்த்தவள் பிள்ளையைக் குற்றம் சொல்கிறாள்.

பெற்றவர்களே இந்தப் பழியை விரும்பி ஏற்பதும் உண்டு. என் தவறால் வந்தது என்றால், நான் திருந்தினால் போய்விடும் என்ற நப்பாசை. வேலையை விடுகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள், இனி திட்டுவதே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு, "இனி எதுக்கு மாத்திரை?" என்று ஒருநாள் நிறுத்தியும் விடுகிறார்கள். நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் மறுபடி எழுகிறது. வேண்டுதலைக் குறை சொல்ல மாட்டேன். குணசீலம் பெருமாளிடம் ஒரு மண்டலம் தங்குகிறவர்கள் தங்கட்டும். மாத்திரை டப்பாவும் கூடப் போகட்டும்.

வளர்ப்பு காரணம் இல்லை என்று நிரூபித்தால் இவர்கள் வாயை மூடிக்கொள்வார்களா? அடுத்த நிமிஷமே, "அப்போ பரம்பரை" என்று பாய்ந்து, அந்தப் பையனின் தங்கைக்கு வரும் வரனைத் தட்டிவிடப் போவார்கள். ஹெஸ்டனின் கணக்கை அவர்களுக்கு முழுதாகவே படித்துக் காட்ட வேண்டும். நோயுள்ள தாய்க்கே பிறந்த 47 பேரில் 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். மனச்சிதைவு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்பா அம்மா இருவரிடமும் அந்த நோய் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும் அந்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். பையனோடு இரண்டு மணி நேரம் கேரம் ஆடினால் அந்த அம்மா பேங்க் வரைக்கும் போய்வருவார். மாதாமாதம் ஜிஎச்சில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதற்கும் அங்கே ஆள் இல்லை.