ஆறாத புண்ணா? அலட்சியம் வேண்டாம்!

"என்னண்ணே, இன்னும் கால் கட்டை அவிழ்க்கலையா?"

"அது கெடக்கு தம்பி. ஆறு மாசமா இருக்கு. வலியா ஒண்ணா? செருப்பு கடிச்சதுதான். தானா ஆறிடும்."

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலோ, அறந்தாங்கி பஸ் நிலையத்திலோ இந்தப் பேச்சு யார் காதிலும் விழக் கூடியதுதான். கேட்டவர் டீயைக் குடித்து விட்டு பஸ் ஏறி விடுகிறார். பதில் சொன்னவர் கல்லாவில் போய் உட்கார்ந்து விடுகிறார்.

அங்கேதான் ஆபத்து! ஆறு மாதமாக ஆறாத புண், சாதாரணப் புண் அல்ல. சர்க்கரை வியாதியாக இருக்கலாம். தொழு நோயாக இருக்கலாம். தோல் புற்று நோயாகவும் இருக்கலாம். எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டீக்கடை பெஞ்சு சொல்ல முடியாது.

"தோலில் புற்று நோயா? அது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி ஆயிற்றே!" என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

இது பாதிதான் உண்மை. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற பொருள், வெயிலுக்குப் பிடித்த குடை மாதிரி. அதனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளைப் பார்க்க, இங்கே தோல் புற்று நோய் ரொம்பக் குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் அல்ல. வெயில் படாத இடத்திலும் இது வரும். அங்கே அந்தக் குடை உதவாது.

உள்ளங்காலில் ஒளிந்திருக்கும்

தோல் புற்று நோயில் படு மோசமானது மெலனோமா. கறுப்புத் தோல்காரர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும். யார்தான் தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

உலகப் புகழ் பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். முதலில் கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்று நினைத்தார்கள். 1981 மே 11-ந் தேதி இறந்து போனார். வயது 36!

இடுப்பிலும் வரும்

வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்று நோய் பற்றி பம்பாய் டாக்டர் கனோல்கரும் அவருடன் ஆராய்ந்தவரும் 1945-லேயே எழுதினார்கள். 'வேட்டி புற்று' என்றே அதற்குப் பெயர். 2024-ல் மராட்டிய மாநிலம் வார்தாவிலும் பீகாரிலும் உள்ள டாக்டர்கள் இரண்டு பெண்களின் நோயை வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் உடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடத்தில் புண். இருவருக்கும் புற்று நோய்!

வருடக் கணக்கில் ஒரே இடத்தில் நாடா இறுகுகிறது, உரசுகிறது, தோல் கறுத்துத் தடிக்கிறது, பிறகு புண் ஆகிறது. நாடா கட்டுகிற எல்லோருக்கும் வந்து விடாது. அபூர்வம்தான். ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. நாடாவைத் தளர்த்திக் கட்டலாம். அகலமான பட்டை வைத்துத் தைக்கலாம்.

பழைய தீக்காய வடுவும் கவனிக்க வேண்டிய இடம். சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக் கொண்ட வடு, இருபது முப்பது வருடம் கழித்துத் திடீர் என்று வெடித்துப் புண் ஆனால், "பழைய காயம்தானே" என்று விடக் கூடாது. காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் நெருப்புச் சட்டியை வைத்துக் கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்று நோய் வருவது டாக்டர்களுக்குப் பழைய செய்தி.

மச்சக்காரரா நீங்கள்?

மச்சம் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். பிறந்தது முதல் இருந்த மாதிரியே இருக்கிற மச்சத்தால் பயம் இல்லை. வளருகிற மச்சம் அதிர்ஷ்டம் அல்ல, எச்சரிக்கை!

கவனிக்க வேண்டியவை இவை:

ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண். ஆறுவது போல் ஆறி, மறுபடி ரத்தம் கசியும் புண்.

ஒரு பாதி ஒரு மாதிரி, மறு பாதி வேறு மாதிரி இருக்கும் மச்சம். ஓரம் கோணல் மாணலாக இருப்பது. ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறம். பென்சில் முனை ரப்பரை விடப் பெரிதாவது. அரிப்பு, ரத்தம்.

முகத்தில், மூக்குப் பக்கத்தில் பளபளப்பாகத் தோன்றி, நடுவில் குழி விழும் கறுப்புப் பரு.

ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி, அகலமாகி, பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவுவது.

இவை இருந்தால் புற்று நோய்தான் என்று அலறி அடிக்க வேண்டாம். பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் காட்டியே ஆக வேண்டும். சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, முடியால் கட்டி அறுப்பது, பிளேடால் சீவுவது, கண்ட களிம்பைத் தடவுவது எல்லாம் நோயை மறைத்து நாளைக் கடத்தும் வேலை.

"கத்தி பட்டால் பரவி விடும்" என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. இது தவறு! சந்தேகப்பட்ட இடத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் நோய் எது என்று தெரியும். ஆரம்பத்தில் கண்டு பிடித்தால் தோல் புற்று நோயில் பெரும்பாலானவற்றைச் சின்ன ஆபரேஷனிலேயே குணமாக்கி விடலாம். பரவுவது கத்தியால் அல்ல, காலதாமதத்தால்!

புதுக்கோட்டை மகளின் ஊர்

புற்று நோய்க்குப் பயந்து ஒதுங்க இந்த ஊருக்கு உரிமை இல்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, எதிர்ப்பை மீறி இங்குள்ள மன்னர் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்று நோய்க்குப் பறி கொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டில் முடங்கி விடவில்லை. 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்று நோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். இன்று அது நாடறிந்த நிலையம். ஆனால் அவர் பிறந்த மண்ணில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றிக் கொண்டு ஆறு மாதம் ஓட்டுகிறார்கள் என்றால் அது யாருக்குப் பெருமை?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதார ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்று நோய்களும் உண்டு. தோல் இல்லை. அந்த ஊழியர்களே மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டால் என்ன? "உள்ளங்காலைக் காட்டுங்க. இடுப்பில் புண் இருக்கா? பழைய தீக்காயம் வெடிச்சிருக்கா?" இதற்கு மெஷின் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும். சர்க்கரை நோயாளிகளின் காலும் இதே சாக்கில் தப்பும். மாவட்ட சுகாதார அதிகாரிகள் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவை இல்லை. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு நாள் கடையை அரை மணி தாமதமாகத் திறந்தால் வியாபாரம் முழுகி விடாது. அரை நாள் லீவு போட்டால் ஆபீஸ் நின்று விடாது.

கட்டை அவிழுங்கள், அண்ணே! டாக்டர் பார்க்கட்டும்.