வாயைக் கட்டிய சிவராத்திரி

சிவராத்திரி விரதம் எனக்குப் புதிதல்ல. கல்யாணமாகிக் கும்பகோணம் வந்த நாளிலிருந்து, மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி என்றால் பட்டினி கிடப்பேன், கண் விழிப்பேன். எப்படி விழித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பாதி ராத்திரி டி.வி.யில் சினிமா, மீதி ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவோடு ஊர்க்கதை. விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் கடித்துக் குதறுவேன். இதற்குப் பெயர் விரதம்!

2025-ல் சிவராத்திரி பிப்ரவரி 26, புதன்கிழமை. மார்ச் 3-ம் தேதி என் பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். அதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் வைத்த திருப்புதல் தேர்வில் இயற்பியலில் மார்க் குறைந்துவிட்டது. பேப்பரைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "தண்டச்சோறு" என்றேன்.

அவள் அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சே இல்லை. பேனா வேண்டுமானால் அப்பா, பசித்தால் அப்பாயி. நான் ஒருத்தி வீட்டில் இருப்பதே தெரியாத மாதிரி நடந்துகொண்டாள்.

சிவராத்திரிக்கு முதல் நாள் அத்தை, அதாவது என் மாமியார், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "பட்டினி கிடக்கிறது என்னம்மா பெரிசு? இந்த வருஷம் வாயைக் கட்டிப் பாரேன். விளக்கு வெச்சதிலேருந்து விடியிற வரைக்கும்." சுருக்கென்றது. சோற்றைச் சொல்கிறாரா, பேச்சைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கா புரியாது?

ரோஷத்தோடுதான் ஆரம்பித்தேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதால் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போடுகிறவர்கள் வயிற்றைக் காயப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். ஆகையால் அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களும் தயவுசெய்து முழுப் பட்டினி கிடக்காதீர்கள். சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு சுருக்குப்பையில் புளியங்கொட்டைகளைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். கடுமையான வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து மணிபர்ஸில் போட வேண்டும். இது நானே கண்டுபிடித்த முறை, எந்தச் சாஸ்திரத்திலும் தேடாதீர்கள்.

ஜாமத்துக்கு ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். முதல் ஜாமம் முடிவதற்குள்ளேயே பதினான்கு கொட்டை! அடுப்பில் பால் பொங்கியதைப் பையன் பார்த்துக்கொண்டே நின்றதற்கு ஒன்று. வண்டிச் சாவி எங்கே என்று அவர் மூன்று தரம் கேட்டதற்கு மூன்று. இரண்டாம் ஜாமம் கோயிலில். வரிசையில் நடுவே நுழைந்த ஒரு அம்மாளுக்கு மட்டும் இரண்டு போட்டேன்.

நள்ளிரவு லிங்கோத்பவ காலம். அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரம்மாவும் விஷ்ணுவும் யார் பெரியவர் என்று வாய்ச்சண்டை போட, அடிமுடி தெரியாத ஜோதியாகச் சிவன் நிற்க, முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொல்லிச் சாபம் வாங்கிக்கொண்டது. பூவானாலும் வாய்தான் கெடுத்திருக்கிறது! தரிசனம் முடிந்து தெற்குப் பிராகாரத்தில் தட்சிணாமூர்த்திக்கு எதிரே உட்கார்ந்தேன். ஆலமரத்தடியில் சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய் திறக்காமலே உபதேசம் செய்தவர். 1896-ல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணரும் வெகுகாலம் பேசாமல்தான் இருந்தார். பெரியவர்கள் விஷயம் அது. எனக்கு முதுகு வலித்தது, முழங்கால் கடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனித்தேன். பத்து மூச்சு வரைகூட எண்ண முடியவில்லை.

வெளியே வாய் மூடியதும் உள்ளே கூச்சல் அதிகமானது. சுற்றிலும் என்னைச் சீண்ட ஒருவரும் இல்லை, கொட்டை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எல்லாம் பழைய சண்டைகள். அந்தக் கூச்சலுக்கு நடுவே "தண்டச்சோறு" என்று ஒரு குரல். என் குரல் இல்லை, என் அம்மாவுடையது. 1995-ல் பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது, தட்டுக்கு எதிரே நின்று அம்மா சொன்னது. மறுபடி எழுதித் தேறியும் மேலே படிக்க அனுப்பவில்லை. இத்தனை வருஷம் அதை வைத்திருந்து, ஒரு எழுத்து மாறாமல் என் பெண்ணிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நாலாம் ஜாமத்துக்கு வீடு திரும்பினேன். பெண் விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாலைச் சுட வைத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தேன்.

"நிஜமாவே பேச மாட்டியா?"

தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்தைப் பார்த்தபடியே, "பயமா இருக்கும்மா" என்றாள். படிப்பதெல்லாம் பேப்பரைக் கண்டதும் மறந்துவிடுகிறதாம், கை நடுங்குகிறதாம். ஒரு மாதமாக இப்படித்தானாம். 'அப்பவே படிச்சிருந்தா' என்று தொண்டை வரை வந்தது, ஒரு கொட்டை. 'நான் சொன்னேன் இல்லே?' இன்னொரு கொட்டை. பேச முடியாததால் கேட்டேன். அவள் பேசிக்கொண்டே வந்து என் தோளில் சாய்ந்தாள். பால் ஆறிப் போயிற்று.

விடிந்ததும் என் முதல் பேச்சு, "அப்படிச் சொன்னது தப்பும்மா." அவள், "சரி, சரி" என்று எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டாள். நான் கஞ்சி குடித்துவிட்டு மணிபர்ஸைக் கொட்டி எண்ணினேன். அறுபத்தொன்று!

அதற்காக அன்றோடு என் வாய் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாளே பையனைத் திட்டினேன். பெண் நல்லபடியாகத் தேறினாள், இயற்பியலில் சுமார்தான். இப்போது பிரதோஷம் தோறும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாயைக் கட்டுகிறேன். அந்த நேரத்துக்காக என் வீட்டுக்காரர் காத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் செய்த செலவுக் கணக்கெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.